ஃபுல்டனுக்கு 2028 வரை கொடுக்கலாமா? பயிற்சியாளரின் ஒப்பந்தமும் ஆட்டக்காரரின் பொறுப்பும்

வாசகர் ஒருவர் கேட்டது, 8 செப்டம்பர் 2025

"ராஜ்கீரில் ஹாக்கி ஆசியக் கோப்பையை வாங்கிவிட்டோம், சரி. ஜூன் மாதம் ஐரோப்பாவில் வரிசையாக ஏழு ஆட்டங்கள் தோற்றதை அதற்குள் மறந்துவிடுவதா? இந்திய ஹாக்கி அணியின் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனுக்கு 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் வரை ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டும் என்கிறவர்கள் ஆசியாவை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை முடியட்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன கெட்டுப்போகும்?"

9 செப்டம்பர் 2025

கெட்டுப்போகும். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். உலகக் கோப்பை 2026 ஆகஸ்ட் 15 முதல் 30 வரை, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும். ஜப்பானில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்குவது செப்டம்பர் 19. இடையில் இருபது நாள். அந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினால் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். தவறவிட்டால் தகுதிச் சுற்றில் போய் மல்லுக்கட்ட வேண்டிவரலாம். உலகக் கோப்பையில் தோற்றோம் என்று கோபத்தில் ஒருவரை அனுப்பிவிட்டால், புதிதாக வருகிறவருக்கு ஆட்டக்காரர்களின் பெயரையும் முகத்தையும் பொருத்திப் பார்க்கவே அந்த இருபது நாள் போய்விடும்.

இதை நாம் செய்யாதவர்களும் இல்லை. 2009 முதல் எண்ணிப் பாருங்கள்: ஹோசே பிராசா, மைக்கேல் நோப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், ஷூர்ட் மரைன், ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட், ஃபுல்டன். பதினாறு ஆண்டுகளில் ஒன்பது வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள். ஒரு வீட்டில் இத்தனை முறை சமையல்காரரை மாற்றினால் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

என் கருத்து: இப்போதே 2028 வரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

9 செப்டம்பர், இரவு

திருத்தம். ஹரேந்திர சிங்கையும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டேன். எட்டு வெளிநாட்டவர், ஒரு இந்தியர். இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர்களை நான் எண்ணவில்லை. அவர்களையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். ஹரேந்திர சிங்கை அப்படிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதும் தவறுதான். 2016இல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியை உருவாக்கியவர் அவர். இறுதியில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்ற அந்தக் கூட்டத்தில் இருந்த பையன்களில் ஒருவர்தான் இன்றைய தலைவர் ஹர்மன்பிரீத் சிங்.

12 செப்டம்பர் 2025

ஜூனில் புரோ லீக்கில் வந்த அந்த ஏழு தோல்விகளைப் பற்றி. நான் தட்டிக்கழிக்கவில்லை, ஒவ்வொன்றையும் விடிய விடியப் பார்த்தவன். நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, 2-3. பெல்ஜியத்திடம் 3-6. மறுநாள் அதே பெல்ஜியத்தை 4-3 என்று வென்றோம். ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். அதற்கும் கீழே இருந்த அயர்லாந்து லீக்கை விட்டே இறங்கிவிட்டது.

ஏழில் ஆறு, ஒரே கோல் வித்தியாசம். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. ஒரு கோலில் ஆறு முறை தோற்பதை அதிர்ஷ்டக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடைசிக் கால்மணி நேரத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் குழப்பம் இருந்தது. பந்து நம் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் வந்தபோது இரண்டு பேர் ஒரே ஆளை நோக்கிப் போனதையும், பின்னால் இன்னொருவன் தனியாக நின்றதையும் பலமுறை பார்த்தேன்.

ஃபுல்டனின் ஆட்டமுறையின் அடித்தளமே தடுத்து ஆடி வெல்வது. அப்படிப்பட்டவரின் அணி எட்டு ஆட்டங்களில் இருபத்தாறு கோல் வாங்கினால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆகவே கேள்வி கேட்ட வாசகருக்கு இந்த ஒரு இடத்தில் நான் இறங்கி வருகிறேன். ஜூன் மாதத்தை ராஜ்கீர் அழித்துவிடவில்லை.

16 செப்டம்பர் 2025

ஃபுல்டன் என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதக்கப் பட்டியலை எல்லோரும் சொல்வார்கள்: ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், இரண்டு ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை, இப்போது ஆசியக் கோப்பை. எனக்கு நினைவில் நிற்பது வேறு.

2023 ஆகஸ்ட் 12. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுடன் இறுதி ஆட்டம். கோல் கம்பத்துக்குப் பின்பக்கம், கொஞ்சம் இடதுபுறமாக எனக்கு இடம் கிடைத்தது. பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயா, இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது" என்றேன். "பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது தம்பி" என்றார். ஆனால் போகவில்லை, படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்.

நான் கவனித்தது ஸ்கோரை அல்ல, பெனால்டி கார்னருக்குத் தயாராகும் விதத்தை. தடுக்கிற அணி தன் வட்டத்துக்குள் தவறு செய்தால், எதிரணி கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி வட்டத்தின் விளிம்பிலிருந்து கோலுக்கு அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. எதிரணிக்குக் கார்னர் கிடைத்ததும் நம் ஆட்கள் வலைக்குள் ஓடுகிறார்கள். முகக்கவசங்கள் அங்கே கிடக்கின்றன. ஒருவர் எடுத்து அடுத்தவரிடம் வீசுகிறார், வாங்குகிறவர் பார்க்காமலேயே பிடிக்கிறார். முழங்கால் கட்டை இறுக்குகிறார்கள். கோல்கீப்பர் ஸ்டிக்கால் இரண்டு கம்பத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடுவில் வருகிறார். முதலில் பாய்ந்து ஓட வேண்டியவர் கோட்டுக்குப் பின்னால் ஒரு காலை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து நிற்கிறார். ஒருவர் கம்பத்தோடு ஒட்டிக்கொள்கிறார். யாரும் யாரிடமும் "நீ எங்கே?" என்று கேட்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் புவனேசுவரத்தில் நியூசிலாந்திடம் தோற்று உலகக் கோப்பையிலிருந்து வெளியேறிய ஆட்டத்தையும் பார்த்தவன் நான். 3-1 என்று முன்னிலையில் இருந்து 3-3, பிறகு ஷூட் அவுட்டில் போனது. அந்த ஆட்டத்தில் நம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கைகாட்டிக்கொண்டே இருந்தார்கள். சென்னையில் அந்தக் கைகாட்டல் இல்லை.

மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடத்தில் இரண்டு கோல். முதலில் ஹர்மன்பிரீத்தின் பெனால்டி ஸ்ட்ரோக், உடனே குர்ஜந்த். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப். 4-3. படிக்கட்டில் நின்ற பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் இரண்டு நாள் வலித்தது.

17 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாப் புகழையும் ஃபுல்டனுக்கே கொடுப்பது போல இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்த கிரஹாம் ரீடுக்கு நியாயம் செய்ய வேண்டும். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தது அவருடைய அணி. கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் இருந்தார். அதனால்தான் அது நடந்தது. புவனேசுவரத் தோல்விக்குப் பிறகு தாமாகவே விலகினார். மனநலப் பயிற்சியாளர் ஒருவர் அணியோடு இருக்க வேண்டும் என்று அவர் போகும்போது சொன்னதை ஃபுல்டன் வந்ததும் செய்தார். பேடி அப்டன் அணிக்குள் வந்தது அப்படித்தான். முன்னவர் போட்ட கோலத்தை அழிக்காமல் அடுத்தவர் புள்ளி வைத்திருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

21 செப்டம்பர் 2025

ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டு ஏன் பெனால்டி கார்னரிலேயே சுற்றுகிறீர்கள் என்று இருவர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. சொந்தக் கதை, கொஞ்சம் நீளம்.

கல்லூரி அணியில், எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் பந்தை அடிப்பவனை நோக்கி முதலில் பாய்கிறவன் நான். வேகமாக ஓடுவேன், பயம் குறைவு, அந்த இடத்துக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. முகக்கவசம் அப்போது எங்களிடம் கிடையாது. இரண்டு முழங்காலுக்கும் பழைய பஞ்சு வைத்துத் தைத்த கட்டு, இடது கையில் ஒரு கையுறை, அவ்வளவுதான். எங்கள் பயிற்சியாளர் என்னை முதல் நாள் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்: "பந்தைப் பிடிக்க ஓடாதே. அவன் ஸ்டிக்குக்கும் நம் வலது கம்பத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் ஓடு. மற்ற பக்கம் கோல்கீப்பருடையது."

என் வேலை பாதி கோலை மறைப்பது. எங்கள் கோல்கீப்பர் மீதிப் பாதியில் மட்டும் கண் வைத்தால் போதும். இரண்டு பேரும் இதைப் பேசாமல் செய்ய ஒரு பருவம் முழுக்க ஆயிற்று. தினமும் மாலை நாற்பது தடவை ஓடுவேன். பந்து மூன்று முறை கணுக்காலில் பட்டது. ஒரு முறை நகம் கழன்றது.

அடுத்த ஆண்டு ஒரு காலிறுதியில் தோற்றோம். பத்து நாளில் பயிற்சியாளரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் நல்லவர், விவரமும் தெரிந்தவர். அவருடைய முறை வேறு. முதலில் பாய்கிறவன் நேராகப் பந்தை நோக்கி ஓட வேண்டும், அடித்தவனுக்கு நேரமே தரக் கூடாது. அதிலும் தவறில்லை, அப்படி ஆடும் அணிகள் உண்டு. என்னிடம் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். கோல்கீப்பரிடம் சொன்னாரா, சொன்னது அவனுக்குப் புரிந்ததா, எனக்குத் தெரியாது. அடுத்த போட்டியின் முதல் கார்னரில் நான் நேராக ஓடினேன். அவன் வழக்கம்போலத் தன் பாதியைப் பார்த்துச் சாய்ந்தான். பந்து என் பழைய பாதி வழியாகப் போனது. திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்தில் இருந்த கேள்வி இன்னும் எனக்குத் தெரிகிறது. என்மேல் கோபம்கூட இல்லை. "நீ ஏன் அங்கே இல்லை?" என்று கேட்கிற முகம்.

பயிற்சியாளரை மாற்றினால் முதலில் உடைவது இந்த இடம்தான். செய்தித்தாளில் தெரியாது. பயிற்சியில் தெரியாது. பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்போது தெரியும்.

22 செப்டம்பர் 2025

நேற்றைய கதையைப் படித்த பழைய தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் அந்த அணியில் ஆடியவர். "அண்ணே, அந்தப் பயிற்சியாளரை மாற்றியது காலிறுதித் தோல்விக்காக இல்லை, சம்பளத் தகராறு" என்கிறார். எனக்கு அது இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது. அப்படியென்றால் என் கதையில் காரணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். விளைவு மாறவில்லை.

இந்திய அணிக்கும் இது புதிதல்ல. டெர்ரி வால்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபரில் இஞ்சியோனில் பாகிஸ்தானை ஷூட் அவுட்டில் வென்று 16 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம். மேளச் சத்தம் அடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர் போய்விட்டார். தோற்றதற்காக அனுப்பினால் கோபம் வருகிறது. வென்றவரைத் தக்கவைக்க முடியாமல் விட்டால் வயிறு எரிகிறது.

28 செப்டம்பர் 2025

சரி, பொறுப்புகளுக்கு வருகிறேன். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்று கேட்பதும், யாருக்கு அணியில் என்ன வேலை என்று கேட்பதும் எனக்கு ஒரே கேள்விதான். ஒரு வேலை ஒருவனுடைய உடம்பில் ஏற எவ்வளவு காலம் பிடிக்கிறதோ அவ்வளவு காலம் சொல்லிக்கொடுக்கிறவர் இருக்க வேண்டும்.

பாரிஸ் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடம் பத்து பேர். நடுக்களத்துக்காரரான மன்பிரீத் சிங் பின்னால் இறங்கி ரோஹிதாஸின் இடத்தை எடுத்துக்கொண்டார். யாரும் பலகையில் படம் வரைந்து காட்டவில்லை. முன்களத்தில் இருந்தவர்கள் தங்கள் வட்டம்வரை வந்து பந்தைப் பிடுங்கினார்கள். 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2. அந்த ஆட்டத்தை கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் ஆட்டம் என்று சொல்கிறோம், அது உண்மைதான். மன்பிரீத்தின் ஆட்டம் என்றும் சொல்ல வேண்டும். அவர் தன் வேலையை மட்டும் அல்லாமல் அடுத்தவன் வேலையையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

கார்னரில் முதலில் பாய்கிற அதே ரோஹிதாஸ் அரையிறுதியில் தடை காரணமாக இல்லை. ஜெர்மனியிடம் 2-3. முதலில் பாய்கிறவர் இல்லாத அணியில் கார்னர் தடுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு வயிற்றிலேயே தெரியும். அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் அவரளவு தயாராக இல்லை, அதைச் சொல்வேன்.

5 அக்டோபர் 2025

ஹர்மன்பிரீத்தை எல்லாவற்றுக்கும் நம்புகிறோம் என்ற புகாருக்குப் பதில். புகார் சரி. பாரிஸில் இந்தியா அடித்தது 15 கோல், அதில் பத்து அவருடையது. ஸ்பெயினை வென்று வெண்கலம் வாங்கிய ஆட்டத்தில் இரண்டு கோலும் அவரே. இது பெருமையும்தான், ஆபத்தும்தான். ஒருவர் கணுக்கால் பிசகினால் மூன்றில் இரண்டு பங்கு கோல் காணாமல் போகும்.

ராஜ்கீரில் எனக்குப் பிடித்தது இதுதான். சீனாவுடன் முதல் ஆட்டம் 4-3. அதில் மூன்று ஹர்மன்பிரீத், ஒன்று ஜுக்ராஜ். நான்கும் கார்னர் கோல். பழைய கதையே தொடர்கிறது என்று அலுத்துக்கொண்டேன். ஒன்பது நாள் கழித்து கொரியாவுடன் இறுதி ஆட்டம் 4-1. முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத், பிறகு தில்பிரீத் இரண்டு, கார்னரிலிருந்து ரோஹிதாஸ் ஒன்று. தலைவர் பெயர் கோல் பட்டியலில் இல்லை, நாம் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றோம். ஆட்டம் முழுக்க அவர் பின்னாலிருந்து நீளமாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் சொல்ல வருவது: 2028க்கு முன்னால் கார்னர் அடிக்க இரண்டு பேர் சமமாகத் தயாராக வேண்டும். ஜுக்ராஜ் இருக்கிறார், ரோஹிதாஸ் இருக்கிறார், சஞ்சய் இருக்கிறார். நெருக்கடியான ஆட்டத்திலும் முதல் கார்னரை அவர்களிடம் கொடுக்க ஃபுல்டனுக்கு மனம் வர வேண்டும். பலவீனமான கஜகஸ்தானுடன் கொடுத்துப் பார்ப்பது கணக்கில் சேராது.

6 அக்டோபர் 2025

"கார்த்தி செல்வத்தை ஏன் சேர்க்கவில்லை, தமிழ்நாட்டுக்காரர் என்பதாலா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அரியலூர்ப் பையன் அணிக்குள் வந்தபோது துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன். 2022இல் ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராகவே முதல் கோலை அடித்தவர். ஆனாலும் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்கக் கூடாது. முன்களத்தில் இடத்துக்கு அடிதடி இருக்கிறது. அபிஷேக் ராஜ்கீரில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அங்கே உள்ளே நுழைய ஊர்ப்பெயர் உதவாது, ஊர்ப்பெயர் தடுக்கவும் இல்லை. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் தலைவர் நம் வாசுதேவன் பாஸ்கரன். அவரை யாரும் ஒதுக்கீட்டில் தலைவராக்கவில்லை.

கார்த்திக்கு வேண்டியது ஒரு தெளிவான வேலை. "நீ வலது ஓரத்தில் பந்தைப் பிடுங்குகிறவன்" என்றோ "கம்பத்தடியில் தட்டிவிடுகிறவன்" என்றோ ஒன்றைச் சொல்லி ஆறு மாதம் விட வேண்டும். ஒரு தொடருக்குள் எடுத்து, அடுத்த தொடரில் மாற்று ஆளாக வெளியே வைத்தால் எந்த வேலையும் உடம்பில் ஏறாது.

20 அக்டோபர் 2025

கோல்கீப்பர். சுருக்கமாக. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பிறகு கிருஷன் பாதக்கா, சூரஜ் கர்கேராவா என்று முடிவாகவில்லை. பாரிஸில் பதினாறு பேர் பட்டியலில் ஒரே ஒரு கோல்கீப்பர்தான் இருந்தார். பாதக் மாற்று ஆட்டக்காரராக வெளியே காத்திருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவரைத்தான் நம்பிப் போகப்போகிறோம் என்றால், அவர் யார் என்று அவருக்கே ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். கோல்கீப்பருக்கும் முதலில் பாய்கிறவருக்கும் உள்ள உறவு நான் மேலே சொன்னதுதான். அது இரண்டு பேருக்கு இடையில் வளர்வது. ஒருவர் மாறினாலே ஆட்டம் காணும்.

1 டிசம்பர் 2025

மலேசியாவின் ஈப்போ நகரில் சுல்தான் அஸ்லான் ஷா கோப்பை இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்திடம் 0-1. ஹர்மன்பிரீத் இல்லை, தலைமை சஞ்சய். கார்த்தி அணியில் இருந்தார். எனக்குத் தோல்வி உறுத்தவில்லை. அக்டோபரில் நான் கேட்டது இதைத்தான்: தலைவர் இல்லாமல் போய் நிற்க வேண்டும், யாருக்கு எந்த வேலை வருகிறது என்று பார்க்க வேண்டும்.

உறுத்துவது அந்தப் பூஜ்யம். பெல்ஜியம் மாதிரி அணிக்கு எதிராக ஹர்மன்பிரீத் இல்லாமல் ஒரு கோல்கூட வரவில்லை. ஆக, கார்னரில் இரண்டாவது ஆள் என்ற வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஃபுல்டனிடம் ஒப்பந்தப் பேச்சில் உட்காருகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

3 டிசம்பர் 2025

நேற்று மதுரை. ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா 5, சுவிட்சர்லாந்து 0. புது மைதானம், நீலத் தரை, விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் தெளித்த தரை கண்ணாடி போல மின்னியது. பள்ளிச் சீருடையிலேயே பிள்ளைகள் வந்திருந்தார்கள். உலகக் கோப்பை ஆட்டத்தைப் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கக் கொடுத்துவைத்த தலைமுறை அது.

இந்தப் பையன்களின் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் கார்னர் தடுக்கும் பயிற்சி செய்ததைக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதலில் பாய்கிற பையன் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் ஓடினான். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அரை அடி விலகிவிட்டான். கோல்கீப்பர் கத்தவில்லை. ஸ்டிக்கால் தரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். பையன் தலையாட்டிவிட்டு மறுபடி போய் நின்றான்.

நான் வேலியை விட்டு நகர ரொம்ப நேரம் ஆனது.

6 டிசம்பர் 2025

பெல்ஜியத்துடன் காலிறுதி 2-2, ஷூட் அவுட்டில் 4-3. கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நிறுத்தியவற்றைப் பார்த்தவர்களுக்கு, பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கும் ஃபுல்டனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இந்தப் பையன்களில் சிலர் 2028இல் பெரிய அணியில் இருப்பார்கள். ஜூனியரில் பழகிய கோடு பெரிய அணியிலும் அதே கோடாக இருந்தால் அவர்களுக்கு ஓராண்டு மிச்சம். ஃபுல்டனும் ஸ்ரீஜேஷும் பாரிஸில் ஒரே அணியில் இருந்தவர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் உள்ளே நின்று செய்தவர். இதை இப்போது அறுத்துவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் இழப்பு ஒரு அணிக்கு மட்டும் இல்லை.

11 டிசம்பர் 2025

ஜெர்மனியிடம் அரையிறுதியில் 1-5 என்று அடிவாங்கிவிட்டு, நேற்று அதே எழும்பூர் மைதானத்தில் அர்ஜென்டினாவுடன் வெண்கல ஆட்டம். 0-2. கடைசிப் பதினொரு நிமிடத்தில் நான்கு கோல்: அங்கித் பால், மன்மீத் சிங், ஷர்தானந்த் திவாரி, அன்மோல் எக்கா. நான்கும் நான்கு பேர். 4-2.

செப்டம்பரில் "2028 வரை இப்போதே எழுதிக் கொடுங்கள்" என்று முதல் நாளே முழங்கியதை மாற்றிக்கொள்கிறேன். என் கோரிக்கை இப்போது இரண்டு துண்டு. ஆசிய விளையாட்டு முடியும்வரை ஃபுல்டனை யாரும் அசைக்கக் கூடாது. உலகக் கோப்பையில் என்ன நடந்தாலும் சரி. தங்கம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதற்குப் பிறகு 2028க்கு நீட்டிக்கும் பேச்சு நடக்கட்டும், அப்போது கையில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு இருக்கும். அந்தப் பேச்சில் மூன்று பெயரை அவர் சொல்ல வேண்டும்: கார்னரில் ஹர்மன்பிரீத்துக்குச் சமமாக யார், ரோஹிதாஸுக்கு அடுத்து முதலில் பாய்கிறவர் யார், ஒரே ஒரு கோல்கீப்பர் யார். பெயரோடு வந்தால் கொடுக்கலாம். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னால் நானே முதலில் கேள்வி கேட்ட வாசகரின் பக்கம் போய் நிற்பேன்.

நேற்று மூன்றாவது கோல் விழுந்தபோது படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். துண்டு போட்ட பெரியவர் யாராவது நிற்கிறாரா என்று. கூட்டத்தில் எங்கே தெரிகிறது.